வந்த நோக்கம் என்ற கட்டத்தில்

இல்லை தம்பி, மொழிபெயர்த்தவர் பிழை விடவில்லை. உன் பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கட்டம். அதற்கு நேரே, இல்லை. இருபத்தொரு வருடமாக அந்தத் தாள் நம் தகரப் பெட்டியில் உன் தடுப்பூசி அட்டையோடு கிடந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோதும் பாஸ்போர்ட் எடுத்தபோதும் அதை நீயே கையில் கொண்டுபோனாய். உன் பெயரையும் பிறந்த தேதியையும் தவிர வேறெதையும் யாரும் படிக்கவில்லை. நீயும் படிக்கவில்லை. டென்மார்க்கில் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்த பெண் படித்திருக்கிறாள். அவளுடைய வேலை அது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால் பை தூக்குகிற அண்ணன், நான் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். ஏழு பிள்ளைகள் ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே படித்தேன். நீ இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். ஒன்று அந்த ‘இல்லை’. மற்றது விசா. உன்னுடைய மூன்று மாதம் அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. கிர்ஸ்டனோடு அங்கேயே இருக்க விரும்புகிறாய். உண்மையைச் சொன்னால் ஆயிரம் கேள்வி வரும், அதனால் ‘வந்த நோக்கம்’ என்ற கட்டத்தில் மறுபடியும் ‘சுற்றிப் பார்க்க’ என்றே எழுதி இன்னொரு மூன்று மாதம் வாங்கிவிடலாம் என்று யாரோ ஒரு நண்பர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கிர்ஸ்டனுக்கு அது பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டும் வேறு வேறு விஷயம் என்று நினைத்து நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறாய். அந்தக் கோட்டை நான் எடுத்துவிடுகிறேன்.

நீட்டித்துத் தருவார்கள். முதல் தடவை பெரும்பாலும் தந்துவிடுவார்கள். எனக்கு அது தெரியும். தோட்டத்தில் நாம் இருக்கிற லயத்து வீட்டு வரிசைக்கு இரண்டு லயம் கீழே பிறந்தவள், பிறந்த இந்த நாட்டிலேயே தங்கப் பத்து வருடமாக நீட்டிப்புக் கேட்டேன். அம்மாவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை. எல்லோருக்கும் வந்ததுபோல வந்தது என்று நினைத்திருப்பாய். அப்படி வரவில்லை. அதை நானே வரவழைத்தேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஓர் ஆவணி மாதம் உன் அப்பா எனக்குத் தாலி கட்டினார். வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் பந்தல். மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு, பக்கத்துத் தோட்டம், எல்லோரும் சாப்பிட்டார்கள். தெமோதரை ஸ்டேசன் மாஸ்டர்கூட வந்தார். பதியவில்லை. எங்கள் தோட்டத்தில் அந்த நாளில் யாரும் பதியவில்லை. பதிவாளர் பதுளையில் இருக்கிறார். போனால் இரண்டு பேருக்கும் சாட்சிகளுக்கும் ஒரு நாள் வேலை போகும். ஊரே பார்த்துச் சாப்பிட்ட ஒன்றை ஒரு கந்தோரில் போய் எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தோம். அரிசிப் புத்தகத்தில்கூட என் பெயர் என் அப்பாவின் குடும்பத்தோடுதான் இருந்தது. மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீ பிறந்தபோது தோட்டத்து மருந்து ஐயா விவாகப் பத்திரம் கேட்டார். இல்லை என்றோம். இல்லை என்று எழுதிக்கொண்டார். “பேப்பர்ல இல்லாட்டி என்னங்க, பிள்ள கையில இருக்கே” என்றார் உன் அப்பா. மருந்து ஐயாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உனக்கு இரண்டு வயது கடந்தபோது படிவங்கள் வந்தன. பிரஜாவுரிமை இல்லாத எங்களை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் எண்ணிப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம். இத்தனை லட்சம் அங்கே, இத்தனை லட்சம் இங்கே. எந்த நாடு என்று ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுக்க வேண்டும். உன் அப்பாவின் வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருடைய தகப்பனார் பழைய சட்டத்திலேயே பிரஜாவுரிமை எடுத்து வைத்திருந்தார். என் அப்பா இந்தியா என்றார். அவர் திருச்சிப் பக்கத்து ஊரைப் பார்த்ததே இல்லை. பார்க்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். பதுளையில் எஸ்.எஸ்.சி. வரை படித்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள் நான். லயத்தில் இங்கிலீசில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஏறக்குறைய நாற்பது குடும்பத்துக்கு என் கையால் எழுதினேன். வயது தெரியாதவர்களுக்கு வயது போட்டேன். எழுத்தை அழகாக எழுதினேன். அதில் ஒரு கர்வம் இருந்தது.

அந்த நாட்களில் நான் உன் அப்பாவோடு இல்லை. இதைத்தான் உனக்கு யாரும் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தால் எனக்கு உலை நினைவிருக்காது. ஒரு நாள் சோறு அடிப்பிடித்துக் கரிந்துபோனது. என் மாமியார் தண்ணீர்ப் பீலியடியில் நான்கு பேர் முன்னால் சொன்னார்: “எங்க வீட்டுல சோத்துக்குப் பதிலா காயிதந்தான் வேகுது.” பெண்கள் சிரித்தார்கள். நல்ல பகிடிதான், இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. உன் அப்பா பக்கத்தில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு தேயிலை இஸ்டோருக்கு வேலைக்குப் போய்விட்டார். உன்னைத் தூக்கிக்கொண்டு என் அப்பா வீட்டுக்குப் போனேன். இரண்டு லயம் தள்ளி. அங்கிருந்து பார்த்தால் நம் வாசல் தெரியும். அவர் இருமினால் கேட்கும். நாற்பது நாள் அங்கே இருந்தேன். அவர் வரவில்லை. நானும் போகவில்லை.

என் அப்பாவின் படிவத்தைக் கடைசியாக எழுதினேன். அப்பா, அம்மா, தம்பிமார் இரண்டு பேர். பிறகு திருமணமாகாத பிள்ளைகள் என்று ஒரு கட்டம். பேனா அங்கே நின்றது. என் அப்பா குனிந்து பார்த்தார். அவருக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் என் முகம் தெரியும்.

“ஒன் பேர எழுதாத ஆத்தா. நாளைக்கே அவன் வந்து நிப்பான்.”

“நிக்கட்டும்” என்றேன்.

எழுதினேன். நல்ல அழகான எழுத்தில். கல்யாணம் பதியவில்லை, அரிசிப் புத்தகத்தில் பெயர் என் அப்பாவோடு இருக்கிறது, யாரும் குறுக்கே கேட்க முடியாது. கேட்கவும் இல்லை. நீ என் மடியில் இருந்தாய். மைக்கூட்டு மூடியை வாயில் வைத்துக்கொண்டிருந்தாய். திருமணமாகாத ஒருத்திக்குப் பிள்ளை இருந்தால் படிவம் இடிக்கும். அதனால் உன்னை எழுதவில்லை. இரண்டு நிமிட வேலை. மடியில் ஒரு பிள்ளையின் சூடு, தாளில் அந்தப் பிள்ளை இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பிழைகளை நீ ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் இதிலிருந்து தொடங்கு.

படிவங்கள் கண்டியில் இருக்கிற இந்தியக் கந்தோருக்குப் போய் ஒரு வாரம் கழித்து உன் அப்பா வந்தார். நல்ல வெயில். கையில் குடை விரித்திருந்தார். வாசலில் நின்று, “மழ விடுறதுக்குள்ள கெளம்பினா நல்லது” என்றார். லயமே வெளியே வந்து பார்த்துச் சிரித்தது. மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது. அந்த வெயிலில், குடைக்குக் கீழே, நம் வாசல்வரை நடந்தோம். நீ அவர் தோளில். படிவத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. அன்று சொல்லியிருக்கலாம். கண்டிக்கு ஒரு கடிதம் எழுதி என் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கலாம். நாற்பது குடும்பத்துக்கு எழுதத் தெரிந்த எனக்கு அந்த ஒரு கடிதம் எழுத வரவில்லை. போன படிவம் எதுவும் திரும்பி வராது என்று தோட்டத்தில் சொல்வார்கள். அதை நம்ப எனக்கு வசதியாக இருந்தது.

ஐந்து வருடத்தில் திரும்பி வந்தது. எல்லோருக்கும் தனித்தனிப் பாஸ்போர்ட், நாட்டைவிட்டுப் போக ஒரு கடைசித் தேதி. போட்டோ எடுக்க மட்டும் என் அப்பாவோடு பதுளைக்குப் போயிருந்தேன். உன் அப்பாவிடம் குடும்பப் படம் என்று சொல்லியிருந்தேன். பாஸ்போர்ட்டை மறைக்க முடியாது. கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அடுப்படி வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “போட்டோவுல நல்லாத்தான் இருக்க” என்றார். மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தார்.

“இதுல நான் எங்க?”

சொன்னேன். எல்லாவற்றையும். அவர் திட்டவில்லை. உன்னைக் குளிப்பாட்டினார், கொல்லைக்குப் போனார், வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் விறகு பிளந்துகொண்டே நிமிராமல் கேட்டார், போறியா என்று. இல்லை என்றேன். “அப்ப நீட்டச் சொல்லிக் கேப்போம்” என்றார். அந்தச் சொல் நம் வீட்டுக்குள் அப்படித்தான் வந்தது.

என் அப்பா அம்மா போன நாள் உனக்கு நினைவிருக்கும். தெமோதரையில் ஏறினார்கள். பதுளையிலிருந்து வருகிற கோச்சி முதலில் ஸ்டேசனுக்குக் கீழே குகைக்குள் போகும், பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு மேலே வந்து நிற்கும். காலடியில் சத்தம் கேட்கிறது. இன்னும் வரவில்லை. அந்தச் சில நிமிடம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், யாருக்கும் அழவும் வராது பேசவும் வராது. அந்த இடைவெளியில் என் அப்பா என் பக்கம் திரும்பினார். “வந்துரு. இல்லாட்டி அத அழிச்சிரு ஆத்தா. ரெண்டுக்கும் நடுவுல நிக்காத” என்றார். பிறகு கோச்சி வந்துவிட்டது. நான் பன்னிரண்டு வருடமாக நடுவில்தான் நிற்கிறேன்.

இனி நீட்டிப்பு. ஒவ்வொரு தடவையும் ஒரு படிவம். தங்கும் நோக்கம் என்ன. விவாகமானவரா. பாஸ்போர்ட்டில் இருப்பதும் படிவத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொன்னவள் என்று உடனே கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று கிளாக்கர் ஐயா கடிதம் தருவார். நான் எழுதுவேன்: நோக்கம், வேலை. விவாகம், இல்லை. இங்கே உறவினர், இல்லை. உன் அப்பா பக்கத்தில் இருந்து விளக்குத் திரியைத் தூண்டிவிடுவார். முதல் தடவை ஒரு வருடம் கொடுத்தார்கள். பிறகு ஆறு மாதம். பிறகு மூன்று மாதம். தேதி முடிகிற மாதத்தில் எனக்குச் சோறு இறங்காது. தேதி கிடைத்த மாதத்தில் கறி வைப்போம். நம் வீட்டில் எப்போது கறி வைப்பார்கள் என்று உனக்கு ஒரு கணக்கு விளங்காமல் இருந்ததல்லவா? அதுதான்.

உனக்கு ஒன்பது வயதில் கொழும்புக்குப் போனோம். மிருகக்காட்சிசாலை பார்க்க என்று சொல்லியிருந்தோம். பார்த்தோம்தான், பின்னேரம். காலையில் விசா கொடுக்கிற கட்டிடத்துக்குப் போனோம், உள்ளே நீண்ட நடைவழி, இரண்டு பக்கமும் உட்கார வாங்கு. நேரில் வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்திருந்தது. உன்னையும் அப்பாவையும் தோட்டத்தில் விட்டு வர எனக்குத் தைரியம் இல்லை. அங்கிருந்தபடியே ஏற்றிவிட்டால் முகம் பார்க்காமல் போய்விடுவேனே என்று பயம். வாசலில் உன் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னேன், உள்ளே இருக்கிறவரை என்னை அம்மா என்று கூப்பிடாதே. நீ கேட்டாய்:

“அப்ப என்னான்னு கூப்புட?”

“ஒண்ணுமே கூப்புடாத.”

அறைக்குள் அந்த ஐயா நல்ல மனுசர். மொழிபெயர்ப்பவரை வைத்துப் பொறுமையாகக் கேட்டார். உங்கள் குடும்பம் எல்லாம் போய்விட்டதே, உங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? கதவு பாதி திறந்திருந்தது. வாங்கில் உன் அப்பாவின் கால்களும் தரையைத் தொடாத உன் கால்களும் தெரிந்தன. “யாரும் இல்லீங்க” என்றேன். முத்திரை குத்தினார். ஆறு மாதம். யானைக்கு நீ சிரித்தாய், குரங்குக்குச் சிரித்தாய், என்னை மட்டும் ஒன்றும் கூப்பிடவில்லை. மறுநாள் கோச்சியில் ஏறியும் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் அப்பாவைச் சுரண்டினாய். அப்புத்தளையில் கோச்சி நின்று, ஜன்னலில் பனி வந்து, வடைக்காரர் சத்தம் போட்டபோதுதான் “அம்மா, பசிக்குது” என்றாய். உன் அப்பா எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். நீ இதை மறந்துவிட்டாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். மறக்கவில்லை என்றால், இந்தக் கடிதம் அதற்கும் சேர்த்து.

பிறகு பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தது. பிரஜை இல்லாதவள் டீச்சராக இருக்க முடியாது. பிள்ளை மடுவத்துக்கு ஆயாவாக வந்தேன்; கிளாக்கர் ஐயா இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். அந்த ஆடி மாதக் கலவரத்தில் பதுளைக் கடைகள் எரிந்த புகையை மலைமேல் நின்று பார்த்தோமே, அப்போது எல்லோரும் சொன்னார்கள், ஒனக்கென்ன, ஒங்கிட்டதான் பாஸ்போர்ட் இருக்கே என்று. கப்பல் அப்போதும் ஓடியது. போகவில்லை. அடுத்த வருடம் கப்பல் நின்றது. அதோடு யாரும் நீட்டிப்பதும் இல்லை, அனுப்புவதும் இல்லை. என் கடைசி முத்திரை காலாவதியாகி மூன்று வருடம். ஜீப் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து நிற்கிறேன். பழக்கம்.

இப்போது விளங்குகிறதா, உன் இரண்டு கேள்வியும் ஏன் ஒன்று என்று. பொய் சொல்லக்கூடாது என்று உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நான் சொல்வது வேறு. நீட்டிப்பு நாட்களைக் கொடுக்கும். நான் கேட்ட ஒவ்வொரு நீட்டிப்பும் உன் அப்பாவோடு இருக்கத்தான். ஒவ்வொன்றையும் உன் அப்பா இல்லை என்று சொல்லித்தான் வாங்கினேன். அவர் ஒரு தடவையும் குறை சொன்னதில்லை. ஆனால் பத்து வருடம் ஒருவரைத் தாளில் இல்லை என்று எழுதினால் கைக்கு அது பழகிவிடுகிறது. சண்டை வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது, நான் இங்கே தங்க வந்தவள்தானே என்பது. என் சொந்த அடுப்படியில் நின்று அப்படி நினைத்திருக்கிறேன். நீ அந்தக் கட்டத்தில் ‘சுற்றிப் பார்க்க’ என்று எழுதினால், அந்த மூன்று மாதமும் நீ அந்த வீட்டில் சுற்றிப் பார்க்க வந்தவன்தான். அவளுடைய கோப்பையில் தேத்தண்ணி குடிக்கும்போதும்.

கிர்ஸ்டனுக்கு அது பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எல்ல ஊரில் நீ வேலை பார்த்த விடுதியிலிருந்து தண்டவாளம் வழியாக நடந்து நம் வீட்டுக்கு வந்த பிள்ளை. சப்பாத்தெல்லாம் சேறு. வாசலில் கழற்றிவிட்டு, பலகையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ரொட்டியையும் சம்பலையும் தின்று கண்ணில் தண்ணீர் வழிய இன்னும் கேட்டாள். உன் அப்பா கதவோரம் நின்று, “தொரசாணிங்க குதிரயில போயித்தான் பாத்திருக்கேன். ஒண்ணு நம்ம வீட்டுல சம்பல் கேக்குது” என்றார். நீ அதை மொழிபெயர்க்கவில்லை, அவள் விடவில்லை, கடைசியில் சொன்னாய், அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். போகும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். நீ, நல்லாயிருந்திச்சாம் அம்மா, என்றாய். அவள் அவ்வளவு நேரம் சொன்னதற்கு அது சின்ன மொழிபெயர்ப்பு. பரவாயில்லை.

அவளைக் கேட்டு எழுது. உன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கட்டும். நோக்கம் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுது, இவளோடு வாழ என்று எழுது. ஆயிரம் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். ஆயிரத்துக்கும் உன்னிடம் பதில் இருக்கிறது, என்னிடம் ஒரு கேள்விக்கும் இருக்கவில்லை. பிறகு அந்த நாட்டில் எந்தக் கந்தோரில் பதிவார்களோ அங்கே பதி. கோயிலோ மாதாகோயிலோ எதுவும் இல்லாமலோ, அது உங்கள் இஷ்டம். எனக்குப் படம் அனுப்பினால் போதும். மறுத்தால் வா. வந்து இங்கிருந்து அவளோடு மறுபடி கேள். ஒரு உண்மையை எழுதி, அதற்காகப் பிரிந்து இருப்பதை உன்னால் தாங்க முடியும். இதை எழுதும்போது என் மனதில் ஒரு மூலையில், மறுக்கட்டுமே, பிள்ளை வந்துவிடுவானே என்று ஒரு குரல் கேட்கிறது. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாமல் வைத்தவை போதும்.

இன்னும் சில சின்ன விஷயம். அவர்கள் மொழியைப் படி. கடைக்காரரோடு சண்டை போடுகிற அளவுக்காவது. தட்டைக் கழுவு, விருந்தாளி கழுவமாட்டான், வீட்டுக்காரன் கழுவுவான். நண்பர்கள் முன்னால் அவளை யாராவது பகிடி பண்ணினால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடாதே, ஒரு வார்த்தை சொல். உன் அப்பாவிடமிருந்து நீ எடுத்துக்கொள்ளக்கூடாதது அது ஒன்றுதான். குடை விரிக்கிற பழக்கத்தை எடுத்துக்கொள். சண்டை வரும். வந்தால் நாற்பது நாள் இழுக்காதே. அந்த நாட்களில் பேனாவைத் தொடாதே, எந்தப் படிவமும் நிரப்பாதே. சிரிக்காதே, இது ஒன்றுதான் நான் உனக்கு வைத்திருக்கிற சொத்து.

உன் கடிதத்தை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த ‘இல்லை’ வருகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். நம்மளும் போயி பதிஞ்சிருவோமா என்றார். கிளாக்கர் ஐயாவிடம் கேட்கப் போனோம். பதிய வேண்டுமென்றால் என் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், முத்திரை முடிந்தது தெரியும், கொழும்புக்குத் தெரிந்தால் என்ன வரும் என்று சொல்ல முடியாது, கப்பல் இல்லாவிட்டால் பிளேன் இருக்கிறது என்றார். தூங்குற நாய ஏன் டீச்சர் எழுப்புறீங்க என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். திரும்பிவிடுவோம் என்றேன். உன் அப்பா மட்டும் அவரைப் பார்த்துச் சொன்னார்: “அந்த நாய்க்குப் பயந்தே இவ சொந்த வாசல்ல நிமுந்து நடக்கலங்க. எந்திரிச்சா எந்திரிக்கட்டும்.” பதினெட்டு வருடத்துக்கு முன் பீலியடியில் நான் எதிர்பார்த்த வார்த்தை. கொஞ்சம் தாமதமாக வந்தது.

இந்தக் கடிதத்தை நான்கு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று செவ்வாய்க்கிழமை. காலை பஸ்ஸில் இருவரும் பதுளைக்கு வந்தோம். பதிவாளர் சிங்களவர், தமிழ் பேசினார். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். கடைசி முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்தில் வைத்துவிட்டுப் படிவத்தை நீட்டினார். அதிலும் அந்தக் கேள்வி இருந்தது. இதுவரை விவாகமானவரா? நான் பேனாவோடு பதிவாளரைப் பார்த்தேன். சட்டப்படி இல்லை என்றுதான் எழுத வேண்டும் என்றார். இல்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே மணமகன் பெயர் என்று இருந்தது. அதில் உன் அப்பாவின் பெயரை, அவருடைய தகப்பனார் பெயரோடு, முழுதாக எழுதினேன். பதினெட்டு வருடமாக ஒரு படிவத்திலும் நான் எழுதாத பெயர். எழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை. பிள்ளைகள் உண்டா என்று பதிவாளர் தானாகவே கேட்டார். ஒரு மகன் இருக்கிறான் என்றேன். அறிவித்தலைச் சில நாள் வெளியே பலகையில் போடுவார்களாம், ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாமாம். அதற்குப் பிறகு வந்தால் பதியலாம். உன் பத்திரத்தைத் திருத்தப் பிறகு ஒரு தனி மனு போட வேண்டுமாம்.

இதைத் தபால் கந்தோர் மேசையில் வைத்து எழுதுகிறேன். உன் அப்பா பலகையில் நம் பெயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போயிருக்கிறார். அவருக்கு வாசிக்க அதிகம் வராது, என் பெயரும் அவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அவர் வந்ததும் பன்னிரண்டரை பஸ்ஸில் போகிறோம். மடுவத்துப் பிள்ளைகளை இன்னொருத்தியிடம் விட்டு வந்திருக்கிறேன். முத்திரை ஒட்டிவிட்டேன்.

அம்மா